"நல்லாப் போகுது" என்று எழுதியிருந்த கொப்பி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் முன்னால் நின்று அரை மணி நேரம் பேச வேண்டும் என்றுதான் முதலாளி என்னிடம் கேட்டார். எனக்கு அது முடியாது. நாலு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடும். எழுதித் தருகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அஞ்சாம் வகுப்புத்தானே படிச்ச?"

எழுத்தையெல்லாம் அஞ்சாம் வகுப்புக்குள்ளேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றியது. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ரவுட்டரை எங்கே மாட்டுவது, எந்தச் சனலில் போடுவது, பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததை ஃபோனில் பார்த்துக்கொள்கிறீர்கள். கண்டியைச் சுற்றியுள்ள மேடும் பள்ளமும், தடித்த சுவர்களும், தண்ணீர்த் தாங்கிகளும் வைஃபையை என்ன பாடு படுத்தும் என்பதையும் போகப் போகப் பார்ப்பீர்கள். நான் எழுதப்போவது, ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டார் சொல்வதை எப்படிக் காதில் வாங்குவது என்பதைப் பற்றி. அதில் நான் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன். முழங்கால் கெட்டு, ஏணி ஏறுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் பிழையை எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வெட்கம் ஒரு பங்கு என்றால் ஆச்சரியம் மூன்று பங்கு.

முதலில் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குத் தொழில் பழக்கியவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். என் கூச்சம் அவருக்குப் பெரிய தொல்லை. வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். "பொண்ணு பார்க்கவாடா வந்திருக்க? வாயத் தொறந்து கேளுடா" என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சத்தம் போடுவார். கடைசியில் அவரே அலுத்துப்போய், ஒருநாள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை என் கையில் திணித்தார்.

"ஒனக்கு வாயால கேக்க வராது. இதக் குடுத்துட்டு வா. நெட்டு நிக்கிற நேரத்த அவங்களே எழுதட்டும். ஒரு வாரம் கழிச்சுப் போய்ப் பாரு."

அவர் சொன்ன சொற்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். "நிக்கிற நேரம்" என்றார்.

அந்தக் கொப்பி முதன்முதலாகக் குண்டசாலை ஊரில் ஒரு சிங்கள வீட்டில் வேலை செய்தது. கணவனும் மனைவியும் ஆசிரியர்கள். நெட் அடிக்கடி நிற்கிறது, எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கொப்பியைத் திறந்தால், எல்லா நாளும் மாலை ஆறு மணிக்கும் ஆறு பத்துக்கும் இடையில். நான் ஒருநாள் ஆறு மணிக்கு முன்பே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மா முகம் கழுவி வந்து, புத்தர் படத்துக்கு முன்னாலிருந்த சின்ன மின்விளக்கின் வயரைச் சொருகினார். அதைச் சொருகிய அதே நீட்டுப் பிளக் பலகையில்தான் ரவுட்டரின் வயரும் இருந்தது. பழைய பலகை, துளைகள் தளர்ந்திருந்தன. ஒன்றை அழுத்தினால் மற்றது ஆடியது. அந்த அம்மா கும்பிட்டுத் திரும்பும்போது, ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக மறுபடி எரியத் தொடங்கியிருந்தன.

பலகையை மாற்றினேன். அத்தோடு முடிந்தது. ஆனால் எனக்குள் ஒன்று தொடங்கிவிட்டது. எழுத்தின் மேல் அளவுக்கு மீறிய மரியாதை. அதிகம் படித்தவனுக்கு எழுத்தும் தப்புச் செய்யும் என்று தெரியும். என்னைப் போன்றவன், தாளில் மையால் எழுதியிருந்தால் அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொள்வான். வாய் தடுமாறும், கொப்பி தடுமாறாது என்று நினைத்தேன். பல வருடங்கள் அப்படித்தான் ஓடியது.

இனி கட்டுகஸ்தோட்டை வீடு.

ஆற்றுப் பாலத்திலிருந்து கொஞ்சத் தூரம். கீழே பழைய வீடு, மேலே புதிதாகக் கொங்கிரீட் தட்டுப் போட்டுக் கட்டிய ஒரு அறை. கட்டி முடியவில்லை. அறை வாசலுக்கு நிலை வைத்திருந்தார்கள், கதவு வைக்கவில்லை. அந்த அறையில் இருந்துதான் ரிஃபாயா டீச்சர் வகுப்பு நடத்தினார். வெளிநாடுகளில் இருக்கும் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பார். முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு வகுப்பு, மாலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு. கணவர் கண்டி டவுனில் புடவைக் கடையில் வேலை. வீட்டில் பகலில் இருப்பவர்கள் டீச்சர், அவருடைய மாமனார், நாத்தனார், நாத்தனாரின் இரண்டு பெண்பிள்ளைகள்.

மாமனாரை ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நாற்பது வருடம் சில்லறைக் கடை வைத்திருந்தவர்.

நான் போன முதல் நாள் டீச்சர் படிக்கட்டில் நின்றபடி சொன்னார்: "வகுப்பு நடக்கக்குள்ள நின்டு நின்டு வருது அண்ணன். காத்துக்காலம் தொடங்கினதுல இருந்துதான் இப்பிடி. முந்தி ஒரு கொறையும் இல்ல."

காற்றுக்காலம் என்றதும் நான் வெளியே போய்த் தூணிலிருந்து வரும் வயரைப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வாக இருந்தது, இழுத்துக் கட்டினேன். அவர் சொன்னதில் பாதி என் காதுக்கு எட்டியது, மீதிப் பாதி எட்டவில்லை. அது பின்னால் வரும்.

பிறகு மேலே போனேன். ஒரு பெண் இருந்து வேலை செய்யும் அறை. டீச்சர் ஒதுங்கி நின்றார். எனக்கு உள்ளே கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. வாசலிலேயே நின்று என் ஃபோனைப் பார்த்தேன். சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது. "நல்லா இருக்குதே" என்று இறங்கிவிட்டேன்.

கீழே ஹாஜியாரிடம் கொப்பியைக் கொடுத்தேன். அவர்தான் வகுப்பில்லாத நேரங்களில் மேல் அறையில் டீச்சரின் மேசையில் உட்கார்ந்து, அதே லேப்டாப்பில் மக்காவிலிருந்து வரும் நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பவர்.

"ஹாஜியார், நெட் போற நேரத்தையெல்லாம் இதுல எழுதி வைங்க."

"போற நேரம் மட்டுமா?"

"ஆமாங்க. போற நேரம் மட்டும் போதும்."

அவர் தலையை ஆட்டினார். நானும் தலையை ஆட்டினேன். இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கடைக்கார எழுத்து, முத்து முத்தாக இருந்தது. காலை ஆறு முதல் எட்டேகால் வரை போகுது. பகல் இரண்டு முதல் மூன்றரை வரை போகுது. இரவு ஒன்பது முதல் பத்து வரை போகுது. கிட்டத்தட்ட எல்லா நாளும் அதே நேரங்கள்தான். வெள்ளிக்கிழமை பகலுக்கு நேரே மட்டும் "நல்லாப் போகுது" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார். மனுஷன் கோபத்தில் எழுதியிருக்கிறார் என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அவரிடம் எதுவும் கேட்க வாய் வரவில்லை.

நான் அந்த நேரங்களுக்குக் காரணம் தேடத் தொடங்கினேன். இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா, நாங்கள் மாத்தயா என்போம், காலையிலும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் தண்ணீர் மோட்டார் போடுவார். இரண்டு வீட்டு மதிலும் ஒன்றோடொன்று ஒட்டியவை. மோட்டார் ஓடும்போது இந்த வீட்டு லைட் ஒருமுறை மங்குவதைக் கண்ணால் பார்த்தேன். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு அவர் மோட்டார் போடுவதில்லை. அதை நான் பார்க்காதது போல் விட்டுவிட்டேன். மாத்தயா நல்ல மனுஷன். நான் கேட்டதும் மோட்டார் நேரத்தை மாற்றிக்கொண்டார். ரவுட்டரை வேறு பிளக்குக்கு மாற்றினேன்.

டீச்சருக்கு மட்டும் திருப்தியில்லை. "வகுப்பு நேரம்தானே அண்ணன் நிக்கிற. மோட்டரு அந்த நேரத்துல போடுறதில்லையே?"

நான் கொப்பியைக் காட்டினேன். பதினொரு மணிக்கு நேரே ஒன்றும் இல்லை. ஐந்தரைக்கு நேரே ஒன்றும் இல்லை. "வகுப்பு நேரத்துல லைன் சுத்தமா இருக்குதுங்க டீச்சர். அந்த நேரத்துல நிக்குதுன்னா அது லேப்டாப்தான்."

அவர் கொப்பியைப் பார்த்தார். மாமனாரின் கையெழுத்து. மூடி வைத்துவிட்டு மேலே போனார். தினமும் தன் கண்ணுக்கு முன்னால் நடப்பதைச் சொன்ன ஒரு ஆள் ஒரு பக்கம், ஒரு பள்ளிக்கூடக் கொப்பி மறுபக்கம். நான் கொப்பியை நம்பினேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வெளிநாட்டில் நம் ஆட்கள் நடத்தும் ஒரு ஓதல் பள்ளியில் இருந்து டீச்சரின் பாடத்தைக் கேட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தார்கள். பிடித்தால் பெரிய வகுப்பொன்றை அவர் கையில் தருவார்கள். பதினெட்டு வருடம் அக்கம்பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே ஓதிக் கொடுத்தவர் அவர். அவருடைய ஓதலை ஒரு வெளி ஆள் உட்கார்ந்து கேட்டுத் தராதரம் சொல்லப்போவது அதுதான் முதல் தடவை. அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். நான் லேப்டாப் என்று சொன்னதால், அக்குறணையில் இருக்கும் தன் ராத்தாவிடம், அதாவது அக்காவிடம், நல்ல லேப்டாப் ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். எனக்கு ஃபோன் வந்தது. நான் வத்தேகம பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணன், ராத்தாட லேப்டாப்பும் அதே மாதிரித்தான்."

"நின்னுருச்சுங்களா?"

"ஒரே ஆயத்த, அந்த ஒரே வசனத்த, மூணு தரம் ஓதின. மூணு தரமும் நடுவுல நின்டுட்டு. எங்கட ஓதல்ல ஒரு எழுத்து விட்டுப் போனா கருத்தே வேற. அவங்க கேட்டது நான் ஓதினதே இல்ல."

ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை இன்னொரு தரம் கேக்குறாங்களாம். அதோட சரி. அதுக்குப் பொறகு வேற ஆளப் பார்க்கிறன்டு செல்லிட்டாங்க. உங்களுக்கு ஏலும்ன்டா நாளைக்கி வந்து பாருங்கோ."

பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே கோளாறு என்றால் லேப்டாப் இல்லை. லைன் என்றால் கொப்பியில் இருக்க வேண்டும். கொப்பியில் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், வேலையைத் தொடங்குவதற்கு முன் ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"மன்னிக்கணுங்க ஹாஜியார். நீங்க கோவத்துல எழுதினப்பவே நான் கவனிச்சிருக்கணும்."

"கோவமா? எனக்கு என்னத்துக்குக் கோவம்?"

"வெள்ளிக்கிழமைக்கு நேர 'நல்லாப் போகுது'ன்னு கோடு போட்டு எழுதியிருக்கீங்களே."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, கொப்பியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓ, இதா? அண்டக்கி ஜும்ஆ தொழுக முடிஞ்சு வந்து, மக்காவுல நடக்குற குத்பா பிரசங்கத்தப் பார்த்த. ஒரு தரம்கூட நிக்கல்ல. கண்ணாடி மாதிரி. அதுதான் நல்லாப் போகுதுன்டு எழுதின."

எனக்கு விளங்கவில்லை. "நல்லாப் போச்சுன்னா... போயிருச்சுங்களா?"

"போச்சுன்டா போச்சு! ஓடினிச்சு!" கையைக் கண்டி பஸ் மாதிரி முன்னால் நீட்டிக் காட்டினார். "கடை எப்பிடிப் போகுதுன்டு யாரும் கேட்டா நீங்க என்ன செல்லுவீங்க? கடை காணாமப் போச்சுன்டா?"

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கரண்ட் போகுது என்றால் கரண்ட் இல்லை. நெட் போகுது என்றால் நெட் இல்லை. அதே வாயால்தான் படம் போகுது, வியாபாரம் போகுது என்றும் சொல்கிறோம். அதற்கு ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டும் நம் எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. வாழ்நாள் முழுக்கக் கடை "போவதை"யே பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம், "போற நேரம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் நான் கேட்டதை ஒரு நாள் விடாமல் செய்திருக்கிறார். நெட் நன்றாக ஓடிய நேரத்தையெல்லாம் எழுதியிருக்கிறார். நான் அந்த நல்ல நேரங்களுக்குக் கோளாறு தேடி, பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் நேரத்தை மாற்ற வைத்திருக்கிறேன்.

படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சனிக்கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

ஹாஜியார்தான் மெதுவாகச் சொன்னார். "நான் கேட்டன்தானே, போற நேரம் மட்டுமான்டு."

"கேட்டீங்க ஹாஜியார். நான்தான் திருப்பிக் கேக்கல."

பாஸ் "நிக்கிற நேரம்" என்றுதான் சொல்லித் தந்தார். எந்த வீட்டில், எந்த நாளில் நான் அதை மாற்றினேன் என்று எனக்கே தெரியாது.

வெட்கப்பட நேரம் இல்லை. கொப்பியை மறுபடி வாங்கினேன். இப்போது அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். எழுதாமல் விட்ட இடங்களில்தான் கோளாறு. லேப்டாப்பில் ஆள் இருந்தும் எழுதாமல் விட்ட இடங்கள் இரண்டு: முற்பகல் பதினொன்று, மாலை ஐந்தரை. இரண்டும் வகுப்பு. டீச்சர் முதல் நாளே சொன்னது அதைத்தான்.

அடுத்த நிமிடம் எனக்குள் இருந்த பயம் போய், வேறொன்று வந்தது. அதே மேசை. அதே கதிரை. அதே லேப்டாப். ஹாஜியார் உட்கார்ந்தால் குத்பா கண்ணாடி மாதிரி ஓடுகிறது. மருமகள் உட்கார்ந்தால் நிற்கிறது. அப்படியானால் அவர் உட்காரும்போது அந்த அறையில் ஏதோ ஒன்று மாறுகிறது. எது?

"டீச்சர், ஒரு உதவி. இப்ப வகுப்பு நடக்கப் போறதா நெனச்சுக்குங்க. பிள்ளைங்க இருக்கிற மாதிரியே எல்லாத்தையும் செய்யுங்க. ஒண்ணையும் விட வேணாம்."

"யாரும் இல்லாமலா?"

"யாரும் இல்லாமத்தாங்க."

அவர் மேலே போனார். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். ஹாஜியார் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். "உள்ளுக்குப் போங்கோ. நானும் ஈக்கிறன்தானே. வாசல்ல நின்டுக்கிட்டு என்னத்தக் காணப் போறீங்க?"

அன்றுதான் அந்த அறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். மேசைக்குப் பக்கத்தில் போய், ஃபோனை லேப்டாப் அருகில் வைத்தேன். நாலு கோடு.

டீச்சர் முக்காட்டைச் சரிசெய்தார். நாலு கோடு. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நாலு கோடு. குர்ஆனை எடுத்து மரத்தாங்கியில் விரித்து வைத்தார். நாலு கோடு. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஏதோ மறந்தது போல் எழுந்து, வாசலருகே இருந்த இரும்பு அலுமாரியின் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

ஒரு கோடு.

"அது என்னங்க டீச்சர்?"

"எது?"

"அலுமாரி. எதுக்குத் தொறந்தீங்க?"

அவர் அதை ஒரு செயலாகவே நினைத்திருக்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் சொன்னார். அவர் உட்காரும்போது முதுகு வாசல் பக்கம். கேமராவில் வாசலும் தெரியும். வாசலுக்கு வெளியேதான் துணி காயப்போடப் போகிற வழி. நாத்தனாரும் பெண்பிள்ளைகளும் முக்காடில்லாமல் அந்தப் பக்கம் போவார்கள், வருவார்கள். கதவு இல்லாத வாசல். முன்பு ஒரு திரை போட்டிருந்தார்கள். ஆற்றுக் காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஆகவே வகுப்பு நேரத்தில் மட்டும் அலுமாரிக் கதவை விரித்து வாசலை மறைத்துக்கொள்வார்.

"எப்ப இருந்துங்க?"

கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவருக்கும்.

"காத்துக்காலம் தொடங்கினதுல இருந்து," என்றார்.

கீழிருந்து வரும் சிக்னலுக்கு அந்தத் தடித்த கொங்கிரீட் தட்டைத் துளைத்து வரச் சக்தி இல்லை. படிக்கட்டில் ஏறி, வாசல் வழியாகத்தான் அது அறைக்குள் வந்துகொண்டிருந்தது, வீட்டு ஆட்கள் வருவது போலவே. வகுப்புத் தொடங்கும்போது அந்த ஒரே வழியில் ஆளுயர இரும்புத் தகடு குறுக்கே நின்றது. முழுதாக அறுந்துபோகவில்லை, விட்டுவிட்டு வந்தது. நான் வந்து பார்க்கும்போது வகுப்பு இல்லை, அலுமாரி மூடியிருக்கும். போதாததற்கு, நான் அலுமாரிக்கு இந்தப் பக்கம், வாசலில் நின்றுகொண்டு நாலு கோடு என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறேன்.

கதவைச் சாத்தினேன், நாலு. திறந்தேன், ஒன்று. மறுபடி சாத்தினேன். ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. "விடுங்கோ, நானும் ஒருக்கா" என்று அவரும் திறந்து மூடிப் பார்த்தார். "அட ரப்பே, நெட்ட அலுமாரி திண்டுட்டு!" என்றார். டீச்சர் இந்தத் தடவை வாயைப் பொத்தாமலே சிரித்தார்.

கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் வந்திருக்கலாம். அது பதில் இல்லை. அலுமாரி அங்கே ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. அந்த வேலையைச் சிக்னலை மறைக்காத வேறொன்று செய்ய வேண்டும். கீழிருந்து வயர் இழுக்கலாம் என்று பார்த்தேன். மெல்லிய லேப்டாப், வயர் சொருகும் துளையே இல்லை. பழைய திரையைக் கேட்டேன். அதன் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்துத் தரச் சொன்னேன். டீச்சர் தைத்து முடிப்பதற்குள், என் பையோடு கட்டிக் கொண்டுவந்திருந்த பிவிசி குழாயில் வாசல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, உள்ளே மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் அடைத்தேன். மடிப்புக்குள் அதைக் கோர்த்துத் தொங்கவிட்டோம். காற்று வந்தது. திரை ஒரு தடவை மூச்சு விட்டது போல் அசைந்து, அப்படியே நின்றது. ஃபோனில் நாலு கோடு.

போகும் வழியில் பக்கத்து வீட்டு மாத்தயாவிடம் போய், மோட்டாரைப் பழைய நேரத்துக்கே போடலாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். எனக்குச் சிங்களத்தில் "போகுது" கதையைச் சொல்லத் தெரியவில்லை. "மகே வெரத்த," என்னுடைய பிழை, என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே போனேன். ஹாஜியாரும் நானும் படிக்கட்டுக்குக் கீழே இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தோம். அவர் மடியில் கொப்பி. ஐந்தரைக்கு மேலிருந்து டீச்சரின் குரல் வந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் நிறுத்தும் இடம், இழுக்கும் இடம் எல்லாம் ஒரு அளவோடு வருவது தெரிந்தது. நாத்தனார் துணிக்கூடையோடு மேலே ஏறிப் போனார். திரை அசையவில்லை.

பாதி நேரம் போயிருக்கும். டீச்சர் ஒரு இடத்தில் நிறுத்தினார். பிறகு அதே வரியை முதலிலிருந்து ஓதத் தொடங்கினார்.

சனிக்கிழமை இப்படித்தான். மூன்று தரம். ஹாஜியாரின் பேனா கொப்பியின் மேல் அப்படியே நின்றது. நான் ஃபோனைப் பார்த்தேன். இணைப்பில் ஒரு குறையும் இல்லை.

வரி முடிந்தது. அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது வந்தது.

டீச்சர் இறங்கி வந்தபோது ஹாஜியார் முந்திக்கொண்டார். "ஏன் மகள் திரும்ப ஓதின? அவங்களுக்குக் கேக்கல்லையா?"

"கேட்டிச்சு மாமா." "அந்த எடத்த இன்னொரு தரம் கேக்க ஆசையா ஈக்குதுன்டாங்க."

வகுப்பு அவருக்குக் கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து தொடங்கச் சொன்னார்களாம். அதை அவர் இரண்டாவதாகத்தான் சொன்னார்.

நாத்தனார் தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்து முடித்து நான் எழுந்தபோது, ஹாஜியார் கொப்பியில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். "வாசிச்சுப் பாருங்கோ," என்றார். திங்கட்கிழமை, மாலை ஐந்தரை முதல் ஆறு இருபது வரை என்று எழுதி, அதற்கு நேரே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

போச்சு.

அவர் முகத்தைப் பார்த்தேன். பெரிய வியாபாரிகள் விலை சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருப்பார்களே, அப்படி இருந்தார்.

"எது ஹாஜியார்?" என்று கேட்டேன். "ஓடுச்சா, நின்னுச்சா?"

இத்தனை வருடத்தில் ஒரு வீட்டில் நான் கூச்சப்படாமல் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.